லேபிளில் 0.5, வயிற்றின் மேல் 0.25: கர்ப்பிணி சர்ஜனுக்கான லெட் ஏப்ரன் ரிவ்யூ

எலும்பு, ரத்தக்குழாய், சிறுநீரகக் கல், முதுகுத்தண்டு என எந்தத் துறையாக இருந்தாலும், சி-ஆர்ம் (ஆபரேஷன் நடுவே எக்ஸ்ரே காட்டும் மெஷின்) ஓடும் தியேட்டரில் நிற்கும் சர்ஜன் கர்ப்பமானதும் முதலில் விசாரிப்பது 'மெட்டர்னிட்டி லெட் ஏப்ரன்', அதாவது கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கி பற்றித்தான். விற்பவர்கள் எடுத்துக் காட்டுவதும் பெரும்பாலும் ஒன்றே: வயிற்றுக்கு மேல் கூடுதலாக ஓர் ஈயத் தகடு வைத்த மாடல். அந்தத் தகடு பலருக்குத் தேவையே இல்லை. சரியான அளவு, போதுமான ஓவர்லேப், எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் பெல்ட் ஆகிய மூன்றும் இருக்கிற ஏப்ரன்தான் வாங்கத் தகுந்தது. பின்வருவது பிராண்டுகளை வரிசைப்படுத்தும் ரிவ்யூ அல்ல. சந்தையில் கிடைக்கும் வகைகள் எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதைப் பார்க்கிறோம்.

முதலில் லேபிளைப் படியுங்கள். சுற்றிக் கட்டும் ஏப்ரனில் '0.5 மி.மீ.' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'முன்பக்கம், ஓவர்லேப்பில்' என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது 0.25 மி.மீ. ஈயத்துக்குச் சமமான ஒரே அடுக்கு. இடது மடிப்பும் வலது மடிப்பும் வயிற்றின் முன்னால் ஒன்றன் மேல் ஒன்று விழும்போதுதான் 0.25உம் 0.25உம் சேர்ந்து 0.5 ஆகிறது. முதுகுப் பக்கம் எப்போதும் 0.25தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஏப்ரனின் கீழ்ப்பாதியான ஸ்கர்ட்டின் மொத்த அகலம் 125 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 85 செ.மீ. இருக்கும்போது ஓவர்லேப் 40 செ.மீ.; வயிறு முழுக்க இரட்டை அடுக்கு. அதே வயிறு 110 செ.மீ. ஆனதும் மிஞ்சுவது 15 செ.மீ. நடுவில் ஒரு பட்டை மட்டும் 0.5, அதன் இரண்டு பக்கமும் 0.25. ஏப்ரன் பழசாகவில்லை, கிழியவில்லை, லேபிளும் மாறவில்லை. ஆனாலும் வயிற்றின் பெரும்பகுதியில் தடிமன் பாதியாகிவிட்டது. வெல்க்ரோ இன்னும் ஒட்டுகிறது என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஸ்டோரில் தொங்கும் சாதாரண 'எல்' சைஸ் ஏப்ரனை ஏழாம் மாதத்தில் எடுத்துப் போட்டால் நடப்பது இதுதான்.

0.25 மி.மீ. ஈயம், நோயாளியின் உடம்பில் பட்டுத் தெறிக்கும் சிதறல் கதிரில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் தடுக்கும். 0.5 மி.மீ. 95 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். கேவிபி (எக்ஸ்ரே டியூபின் மின்னழுத்தம்) குறைவாக இருந்தால் 99ஐயும் தொடும். ஆகவே 0.25ஆல் ஆபத்து வந்துவிடும் என்று பதற வேண்டாம். ஆனால் உள்ளே நுழையும் பங்கு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறது, அதுவும் சரியாக எந்த இடத்துக்காக ஏப்ரன் வாங்கினோமோ அந்த இடத்தில்.

அப்படியானால் வயிற்றுத் தகடு நல்லதுதானே என்று கேட்கலாம். ஓவர்லேப் போய்விட்ட ஏப்ரனுக்கு அது ஒட்டு வைத்தியம். அந்த அளவுக்குப் பயன் உண்டு. வெல்க்ரோவில் ஒட்டிக் கழற்றும் 0.25 மி.மீ. தகடு கிடைத்தால், புது ஏப்ரன் வரும்வரை சமாளிக்கலாம். ஏற்கெனவே முழு ஓவர்லேப் உள்ள ஏப்ரனில் இன்னொரு 0.5 சேர்த்து 1 மி.மீ. ஆக்குவதைத்தான் வேண்டாம் என்கிறோம். 40க்கு 30 செ.மீ. அளவில் 0.5 மி.மீ. தகடு என்றால் ஈயம் மட்டுமே 680 கிராம். வினைலும் துணியும் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த எடை தோளிலோ இடுப்பிலோ உட்காராமல் உடம்பின் முன்விளிம்பில், முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளித் தொங்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் தொங்குகிறது. வயிற்றால் ஏற்கெனவே வளைந்திருக்கும் இடுப்பு முதுகு அதற்கும் சேர்த்து இழுபடும். 0.5இன் அடியில் கட்டிய, பட்ட கதிரை அளக்கும் பேட்ஜ் மாதா மாதம் 'அளவிடும் வரம்புக்குக் கீழே' என்று வந்துகொண்டிருக்கும்போது, தடுக்கப்படாமல் மிஞ்சிய அந்தத் துளிக்காக முதுகை அடகு வைப்பது நியாயமில்லை.

இனி மாடல்கள். முன்பக்கம் மட்டும் மூடி முதுகில் வார் கட்டும் ஒற்றை ஏப்ரன் எடை குறைவு, கழற்றுவதும் சுலபம். மற்றபடி கர்ப்ப காலத்துக்குப் பொருந்தாது. முழு எடையும் தோளில் விழுகிறது. ஸ்க்ரப் நர்ஸிடம் கருவி வாங்கத் திரும்பினால் பக்கவாட்டு இடுப்பு திறந்து கிடக்கிறது. ஒற்றைத் துண்டாக உடம்பைச் சுற்றும் கோட் மாடலில் மறைப்பு நன்றாக இருக்கும். ஆனால் பெல்ட்டை இறுக்கினால்தான் எடை இடுப்புக்கு இறங்கும், இருபதாவது வாரத்துக்குப் பிறகு இறுக்க இடம் எங்கே?

மிஞ்சுவது வெஸ்ட்டும் ஸ்கர்ட்டும் தனித்தனியாக வரும் இரண்டு துண்டு மாடல். எங்கள் தேர்வு இதுதான், ஆனால் குறைகளோடு. மொத்த எடை அளவைப் பொறுத்து 5 முதல் 7 கிலோ வரை வரும். அது தோளுக்கும் இடுப்புக்கும் பிரிகிறது. சிக்கல், இரண்டும் சந்திக்கும் இடத்தில். வயிறு முன்னால் தள்ளத் தள்ள வெஸ்ட்டின் முன்விளிம்பு மேலே ஏறுகிறது. ஸ்கர்ட் வயிற்றுச் சரிவில் வழுக்கிக் கீழே இறங்குகிறது. நேராக நின்று கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் மூடியிருக்கும். கையை நீட்டி டேபிள் மேல் குனிந்ததும் நடுவில் ஒரு கோடு திறக்கும். அந்தக் கோடு விழுவது கருப்பையின் மேல்.

அதனால் போட்டுப் பார்க்கும் முறையே வேறாக இருக்க வேண்டும். ஸ்கர்ட்டை முதலில் மாட்டுங்கள். பெல்ட் வயிற்றின் குறுக்கே போகக் கூடாது; வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். ஸ்கர்ட்டின் முன்துணி பெல்ட்டோடு நின்றுவிடாமல் வயிற்றின் மேல் ஏறி வர வேண்டும். சாதாரண ஸ்கர்ட்டில் அந்த உயரம் இருக்காது. மெட்டர்னிட்டி மாடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நியாயமான காரணம் உண்டென்றால் அது இந்த உயரமும் ஸ்கர்ட்டைத் தாங்கும் தோள் வார்களும்தான். பிறகு வெஸ்ட். அதன் கீழ்விளிம்பு ஸ்கர்ட்டின் மேல்விளிம்பை 10 செ.மீ. ஆவது மூட வேண்டும். இப்போது இரண்டு கையையும் டேபிள் உயரத்தில் முன்னால் நீட்டி, குனிந்து, இடமும் வலமும் திரும்புங்கள். பக்கத்தில் நின்று ஒருவர் பார்க்கட்டும், அதுவும் பக்கவாட்டிலிருந்து. ஒரு காலை முன்வைத்து டயாதெர்மி (மின்சாரத்தால் திசுவை வெட்டிச் சுடும் கருவி) பெடலை மிதிக்கும் நிலையையும் சோதியுங்கள். ஸ்கர்ட்டின் மடிப்பு தொடையில் பிளந்துகொள்வது அப்போதுதான் தெரியும். உட்கார்ந்து ஆபரேஷன் செய்பவர் உட்கார்ந்தும் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி: வயிறு பெரிதாகிவிட்டது என்று வெஸ்ட்டை இரண்டு சைஸ் ஏற்றி வாங்குவது. சைஸ் ஏறினால் வயிற்றோடு தோளும் கைத்துளையும் அகலமாகும். அகன்ற கைத்துளை வழியே மார்பகத்தின் பக்கவாட்டுக்குக் கதிர் நேராகப் போகும். நோயாளி பக்கம் கை நீட்டி நிற்கும் சர்ஜனுக்கு அந்தத் துளை திறந்திருப்பதே டேபிளை நோக்கித்தான். தோளும் மார்பும் பழைய அளவில், கீழ்ப்பகுதி மட்டும் அகலமாகத் தைத்துத் தரும் தயாரிப்பாளரைப் பிடியுங்கள். ஆர்டர் படிவத்தில் மார்பு, மார்புக்குக் கீழ், வயிற்றின் அதிகபட்சச் சுற்றளவு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால் வரை நீளம் என்று ஐந்து அளவும் கேட்கிறார்களா என்று பாருங்கள். 'எஸ், எம், எல்' மட்டும் கேட்டால் அது மெட்டர்னிட்டி என்ற பெயரில் வரும் சாதாரண ஏப்ரன்.

எப்போது வாங்குவது? வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு போதும். முதல் மாதங்களில் கரு கதிர்வீச்சுக்குக் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியது என்பது உண்மை; உறுப்புகள் உருவாகும் வாரங்களும், மூளை வளர்ச்சியில் முக்கியமான 8 முதல் 15 வாரங்களும் அதற்குள் வந்துவிடுகின்றன. ஆனால் அந்தக் காலத்தில் உங்கள் பழைய ஏப்ரன் சரியான அளவில்தான் இருக்கும். அப்போது அவசரமாகத் தேவைப்படுவது வயிற்றுக்கு ஒரு தனி பேட்ஜ். தைத்துத் தரும் ஏப்ரன் கைக்கு வர வாரங்கள் பிடிக்கும் என்பதால் 14, 15 வாரத்தில் ஆர்டர் கொடுத்தால் 20இல் போட்டுக்கொள்ளலாம்.

ஈயமா, ஈயம் இல்லாததா? பிஸ்மத், ஆன்டிமனி, டங்ஸ்டன் போன்றவற்றைக் கலந்து செய்யும் ஏப்ரன்கள் கால் பங்கு வரை எடை குறைவு. கர்ப்பிணிக்கு அது பெரிய விஷயம். கவனிக்க வேண்டியது சோதனைச் சான்று. ஈயத்துக்குச் சமம் என்பது ஒரு குறிப்பிட்ட கேவிபியில் சொல்லப்படும் எண். வேறு கேவிபியில் அதே கலவை குறைவாகத் தடுக்கலாம். சில கலவைகள் கதிரை உள்வாங்கித் தாங்களே குறைந்த ஆற்றல் கதிரை உடம்புப் பக்கம் வெளிவிடுவதும் உண்டு. குறுகிய கற்றையில் சோதித்தால் இது தெரியாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் 61331-1 தரநிலையின் 2014 பதிப்பு இதற்கென்றே 'இன்வர்ஸ் பிராட் பீம்' என்ற அளவீட்டு முறையைச் சேர்த்தது. லேபிளில் கேவிபி வீச்சும் இந்தத் தரநிலையின் ஆண்டும் இருந்தால் நம்பி வாங்கலாம். 'அல்ட்ரா லைட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கூரையிலிருந்து தொங்கும் கவசம் தனி ரகம். எடை உடம்பில் இறங்குவதே இல்லை, அதனால் தடிமனாகவும் செய்ய முடிகிறது. நிரந்தரமாக ஒரே அறையில் நடக்கும் ரத்தக்குழாய்ச் சிகிச்சைகளுக்கு இதற்கு இணை இல்லை. சி-ஆர்மைத் தியேட்டர் தியேட்டராக உருட்டிக்கொண்டு போகும் எலும்புப் பிரிவுக்கு அதனால் பயன் குறைவு.

பேட்ஜைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏப்ரன் வேலை செய்கிறதா என்பதை அதுதான் சொல்லும். கழுத்தில் ஏப்ரனுக்கு வெளியே ஒன்று, வயிற்றில் ஏப்ரனுக்கு உள்ளே ஒன்று. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு: உள்ளே இருக்க வேண்டியது வெளியே போய், மாதக் கடைசியில் கருவுக்குப் பெரிய டோஸ் என்று அறிக்கை வந்து எல்லோரையும் கலங்கடிக்கும். இரண்டிலும் வேறு நிற டேப் ஒட்டுங்கள். வயிற்று பேட்ஜை ஏப்ரனில் குத்தாமல் உள்ளே போடும் ஸ்க்ரப் உடையின் இடுப்புப் பட்டையில் குத்துங்கள். ஏப்ரனில் குத்தினால் ஏப்ரனோடு ஹேங்கருக்குப் போய் அங்கேயே இருந்துவிடும். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐசிஆர்பி சொல்லும் வரம்பு, கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு எஞ்சிய காலம் முழுதுக்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). அமெரிக்க விதி முழுக் கர்ப்பத்துக்கும் 5 என்கிறது. வயிற்றுத் தோல் மேல் அளந்தது அப்படியே கருவுக்குப் போவதில்லை. நடுவில் இருக்கும் திசு ஒரு பங்கைத் தடுத்துவிடும். எனவே பேட்ஜ் காட்டுவது மிகைக் கணக்கு. அது நல்லதுதான்.

பட்ட கதிரைச் சேர்த்துப் பதிந்து வைக்கும் டிஎல்டி பேட்ஜின் மாதாந்திர அறிக்கை கைக்கு வரும்போது அந்த மாதம் முடிந்திருக்கும். உடனே எண்ணைக் காட்டும் எலக்ட்ரானிக் டோசிமீட்டர் மனநிம்மதி தரும்; எந்த கேஸில், எந்தக் கோணத்தில் எகிறுகிறது என்று கையோடு தெரியும். ஆனால் துடிப்புத் துடிப்பாக வரும் ஃப்ளோரோவில் (எக்ஸ்ரேயை நேரலைப் படமாகக் காட்டும் முறை), அதுவும் டோஸ் வேகம் அதிகமாக இருக்கும்போது, சில கருவிகள் குறைத்துக் காட்டும். டிஎல்டியைக் கழற்றிவிட்டு இதை மட்டும் நம்புவது கூடாது.

நிற்கும் இடம் மாறினால் கிடைக்கும் லாபத்தை எந்தத் தகடும் தராது. தூரம் இரட்டித்தால் டோஸ் நாலில் ஒன்று. கதிரை வெளிவிடும் டியூப் டேபிளுக்குக் கீழே, படத்தைப் பிடிக்கும் டிடெக்டர் மேலே இருக்கட்டும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது டியூப் பக்கம் நிற்காமல் டிடெக்டர் பக்கம் போங்கள். சிதறல் அதிகமாகத் திரும்பி வருவது கதிர் நுழையும் பக்கத்தில்தான். படங்களைத் தொடராகச் சேமிக்க வேகமாக ஓடும் சினி பதிவின்போது ஓரடியாவது பின்வாங்குங்கள்.

ஏப்ரன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிற்கும் நேரத்துக்கு மருந்து அதில் இல்லை. 2021இல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த ஆய்வில் 692 பெண் சர்ஜன்களில் 42 சதவீதம் பேர் ஒருமுறையாவது கருவிழப்பைச் சந்தித்திருந்தார்கள். கடைசி மூன்று மாதங்களில் வாரம் 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பெரிய கர்ப்பகாலச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. ஏப்ரன் எவ்வளவு லேசாக இருந்தாலும், எவ்வளவு நேரம் போட்டுக்கொண்டு நிற்கிறோம் என்பதையும் சேர்த்தே பட்டியல் போட வேண்டும். ஃப்ளோரோ முடிந்து தையல் மட்டும் மிச்சம் என்றால் ஏப்ரனைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்க்ரப் செய்து வரலாமா என்று யோசிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஏப்ரனுக்குக் கீழே போடுவதில் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ்தான் செலவுக்கு மேல் பலன் தருவது. கர்ப்பத்தில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. அசையாமல் நின்றால் அது காலில் தங்கும், தலை சுற்றும். 15–20 மி.மீ. மெர்குரி அழுத்தம் பெரும்பாலானோருக்குப் போதும். கால் வீக்கமோ நரம்புச் சுருட்டலோ இருந்தால் மகப்பேறு மருத்துவரைக் கேட்டு 20–30. வயிற்றுப் பை வைத்த மெட்டர்னிட்டி பேன்டிஹோஸ் காகிதத்தில் நன்றாக இருக்கிறது. லெட் ஸ்கர்ட்டையும் கழற்றி அதையும் உரித்துக் கழிவறை போய்விட்டு, அடுத்த கேஸுக்குள் திரும்ப மாட்டிப் பாருங்கள், தெரியும். தொடை வரை வருவதில் சிலிக்கான் பட்டை வியர்வையில் வழுக்கிச் சுருண்டு, ரத்தத்தை நிறுத்தக் கட்டும் டூர்னிகே மாதிரி இறுக்கும். முழங்கால் அளவுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன், வீக்கம் இல்லாத காலில் போட வேண்டும். கணுக்காலின் மிக ஒடுங்கிய சுற்றளவு, கெண்டையின் மிக அகன்ற சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம் ஆகிய மூன்றையும் கொடுத்து வாங்குங்கள். ஏழாம் மாதத்தில் திரும்ப அளவெடுங்கள்.

டயாதெர்மி சுடும்போது எழும் புகையை இழுக்கும் புகை உறிஞ்சி பல தியேட்டர்களில் மூலையில் நிற்கும், ஓடாது. காரணம் சத்தம், கை எட்டாத சுவிட்ச், பென்சிலில் தொங்கும் குழாயின் இழுப்பு. டயாதெர்மி பென்சிலோடு சேர்ந்தே குழாய் வரும் மாடல்தான் உருப்படியாக ஓடுகிறது, ஏனென்றால் முனை புகையிலிருந்து 5 செ.மீ.க்குள் இருந்தால்தான் பிடிக்கும். தனிக் குழாயை அங்கேயே பிடித்துக்கொண்டிருக்க உதவியாளருக்குக் கை இருக்காது. பென்சில் மணிக்கட்டில் கனக்கும், அது உண்மை. குழாயை முழங்கையருகே டிரேப்பில் ஒரு கிளிப் போட்டால் பாதி இழுப்பு போய்விடும். உல்பா எனப்படும் மிக நுண்ணிய ஃபில்டர் 0.12 மைக்ரான் துகளை 99.999 சதவீதம் பிடிக்கும். வாயுவுக்குக் கரி அடுக்கும் வேண்டும். ஃபில்டரின் ஆயுளை மணிக்கணக்கில் குறித்து வையுங்கள். சுவர் சக்‌ஷன் திரவத்துக்கானது, இதற்கு மாற்றாகாது. சர்ஜிக்கல் மாஸ்க்கும் புகையைத் தடுக்காது. என்95 ஓரளவு துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. லேப்ராஸ்கோபியில், வயிற்றில் செருகிய குழாயான டிரோக்கரைத் திறந்து வாயுவை முகத்துக்கு நேரே விடும் பழக்கத்தை நிறுத்திவிட்டு ஃபில்டர் வழியாக விடுங்கள். ஆவி விடும் எலும்பு சிமென்ட்டை மூடிய வேக்குவம் மிக்சரில் கலக்கட்டும். கலக்கும் நிமிடங்களில் நீங்கள் அறையின் மறுபக்கம் நிற்கலாம்.

ஜெல் பாய் பாதத்துக்கு இதம், ஆனால் சி-ஆர்ம் சக்கரம் அதில் மாட்டும், விளிம்பில் கால் தடுக்கும். குனிந்தால் பாதம் தெரியாத மாதங்களில் அதையும் படி ஸ்டூலையும் தவிர்ப்பதே மேல். டேபிளை இறக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஏறாதீர்கள்.

ஏப்ரன் வந்ததும் டேபிளில் விரித்து ஃப்ளோரோவில் ஓடவிட்டுப் பாருங்கள். ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிட்டுக் கையால் அளவு வைக்க வேண்டும். இல்லையென்றால் ஈயத்தைக் கண்டதும் மெஷின் தானே டோஸை ஏற்றிக்கொண்டு போகும். விரிசல் வழக்கமாக விழும் இடங்கள் பெட்டியில் மடித்து வந்த கோடும் தோள் தையலும். மெட்டர்னிட்டி மாடலில் வயிற்று வளைவுக்காகப் போட்ட கூடுதல் தையலைத் தனியாகப் பாருங்கள்: ஊசி போன வரிசையில் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். நாற்காலி முதுகில் மடித்துப் போடக் கூடாது, வாஷிங் மெஷினும் ஆட்டோகிளேவும் கூடாது. ஈரத்துணியால் துடைத்துத் தடித்த ஹேங்கரில் தொங்கவிட்டால் போதும்.

பிரசவ விடுப்பில் போகும்போது அதைப் பொது ஹேங்கர் வரிசையில் கலக்கவிடாதீர்கள். கீழ்ப்பகுதி அகலமான ஏப்ரனை ஒல்லியான ரெசிடென்ட் இழுத்துச் சுற்றினால் ஓவர்லேப் முதுகுக்குப் போய்விடும், தோளில் தூக்கி நிற்கும். வயிற்றுச் சுற்றளவு எத்தனை செ.மீ. வரை முழு ஓவர்லேப் இருக்கும் என்பதை அளந்து ஒரு சீட்டில் எழுதிக் காலரின் உள்பக்கம் தைத்து வையுங்கள். அடுத்து அதைப் போடப்போகிறவருக்கு லேபிளைவிட அந்த எண்தான் உதவும்.